நெல்லைக் குளக்கரைகளில் காக்கை: காட்சியும் இலக்கியமும்

முன்னுரை

கூந்தன்குளத்திற்குப் பறவைகளைக் காணச் செல்வோர் கூழைக்கடாவையும் மஞ்சள்மூக்கு நாரையையும் பூநாரையையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். அவர்களிடம், "கரையில் காக்கைகள் எத்தனை இருந்தன? அவை என்ன செய்துகொண்டிருந்தன?" என்று வினவினால் விடை கிடைப்பது அரிது. அருகில் இருப்பதாலேயே காக்கை நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஆயின் சங்கப் புலவரும் வள்ளுவரும் இப்பறவையைக் கூர்ந்து நோக்கியே பாடியுள்ளனர். அவர்தம் பாடல்களை இன்று நாம் உரைநூல்களின் துணைகொண்டே கற்கிறோம். கண்ணின் துணையை நாடுவதில்லை. தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் குளக்கரைகளில் காக்கையைக் கண்டும் படம் பிடித்தும் குறிப்பெழுதியும் வருவது, இலக்கியக் கல்விக்கும் நம் நீர்நிலைகளின் பாதுகாப்பிற்கும் எவ்வாறு பயன்படும் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நெல்லையின் நீர்நிலைகள்

பொதிகையில் தோன்றும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கி.மீ. ஓடிப் புன்னைக்காயலில் கடலொடு கலக்கிறது. இடையில் அணைக்கட்டுகளாலும் கால்வாய்களாலும் பிரிக்கப்பட்டு எண்ணற்ற குளங்களை நிரப்புகிறது. நெல்லைக் கால்வாயால் நிறையும் நயினார்குளமும், பாளையங்கால்வாயால் நிறையும் வேய்ந்தான்குளமும் நகரத்தார் நாளும் கடந்துசெல்லும் குளங்கள். கார், பிசானம் என்னும் இருபோக வேளாண்மைக்கு ஏற்பக் குளங்களின் நீர்மட்டம் ஏறியும் இறங்கியும் வரும். அதற்கேற்பக் காக்கையின் உணவும் மாறும். உழவின்போது ஏர்க்காலின் பின்னே புழுவும் வண்டும்; நீர் வற்றும்போது சேற்றில் தங்கிய மீனும் நண்டும் நத்தையும்; அறுவடையின்போது சிந்திய நெல் என ஆண்டு முழுவதும் அதற்குக் குளமும் வயலும் சோறிடுகின்றன.

இப்பள்ளத்தாக்கின் சிறப்பு, மலை முதல் கடல் வரை ஒரே ஆற்றின் கரையில் மூவேறு சூழல்களைக் காணக்கூடியதாய் அமைந்தமையே. பாபநாசம், முண்டந்துறைப் பகுதிகளில் அண்டங்காக்கை மிகுதி. சமவெளியின் ஊர்களிலும் குளங்களிலும் வீட்டுக்காக்கை மிகுதி. ஆறு கடலில் கலக்குமிடத்திலோ குளிர்காலத்தில் கடற்காக்கைகள் வந்து தங்குகின்றன. பெயரால் மூன்றும் காக்கைகளே எனினும் இறுதியிற் கூறியது காக்கை இனத்தைச் சேர்ந்ததன்று. இவ்வேறுபாடு பின்னர் நாம் காணப்போகும் இலக்கியச் சிக்கல் ஒன்றிற்கு இன்றியமையாதது.

குளக்கரையின் கரும்பறவைகள்

குளக்கரையில் நின்று நோக்குவோர் முதலிற் செய்யவேண்டுவது கரிய பறவைகளைப் பிரித்தறிதல். வீட்டுக்காக்கையின் கழுத்தும் பிடரியும் மார்பின் மேற்பகுதியும் சாம்பல் நிறம். நெற்றி, தொண்டை, சிறகு, வால் ஆகியன கருமை. அண்டங்காக்கை உடல் முழுவதும் கரியது, உருவிற் பெரியது, அலகு தடித்து மேற்புறம் வளைந்திருக்கும், குரல் கனத்தது. மூன்றாவது நீர்க்காக்கை. இது வாத்தைப் போல் தோலடியால் நீந்தி, மூழ்கி மீன் பிடிப்பது; அலகின் நுனி கொக்கிபோல் வளைந்தது. அதன் இறகுகள் நீரை உள்வாங்குவதால், கரையேறியதும் பட்டமரத்தில் சிறகுகளை விரித்து வெயிலில் உலர்த்தும். காக்கையோ நீந்த அறியாதது. கரையோரத்து ஆழமற்ற நீரில் நின்று தலையை நனைத்துச் சிறகடித்துக் குளிக்குமேயன்றி உள்ளே இறங்குவதில்லை.

வீட்டுக்காக்கைக்கு 1817இல் வியேயோ என்னும் பிரெஞ்சு அறிஞர் இட்ட அறிவியற்பெயர் 'கார்வஸ் ஸ்பிளெண்டென்ஸ்' என்பது. இதன் இரண்டாம் சொல்லுக்கு 'ஒளிர்வது' என்பது பொருள். கருமைக்கு எடுத்துக்காட்டாக நாம் கூறும் பறவைக்கு ஒளிர்வது என்று பெயரிட்டது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் இளவெயிலில் அதன் சிறகை நோக்குவோர்க்கு நீலமும் ஊதாவும் பசுமையும் கலந்த மினுமினுப்புத் தெரியும். பெயரிட்டவர் கண்டு பெயரிட்டார் என்பது அப்போது விளங்கும்.

வெண்காக்கையும் கருங்காக்கையும்

சங்க இலக்கியத்திலும் கண்டு பெயரிடும் இம்மரபு உண்டு. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தற் பகுதியில் 'சிறுவெண்காக்கைப் பத்து' (161–170) இடம்பெறுகிறது. பத்துப் பாடல்களும் பெருங்கடற்கரையில் உள்ள இப்பறவையைக் கூறியே தொடங்குகின்றன. அதே நூலில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் (391), உடன்போக்கில் சென்ற மகளின் வரவுக்காகக் கரையுமாறு தாய் ஒரு காக்கையை வேண்டுகிறாள். பொற்கலத்தில் ஊனுணவு தருவதாகவும் கூறுகிறாள். அங்குப் பேசப்படுவது 'சிறுகருங்காக்கை'. ஒரே தொகையில் இரு அடைமொழிகள் இரு திணைகளில் வருவது தற்செயலானதன்று. மனையருகே கரைவது கருங்காக்கை. கடற்கரையில் இரை தேடுவது வெண்காக்கை எனப் புலவர்கள் தெளிவாக வேறுபடுத்தியுள்ளனர்.

அவ்வாறாயின் சிறுவெண்காக்கை எது? நீர்க்காக்கை என்றும் கடற்காக்கை என்றும் பொருள் கூறுவர். சாம்பற்கழுத்துடைய வீட்டுக்காக்கையே அது எனக் கருதுவோரும் உளர். இவ்விடத்தில் குளக்கரையிற் கண்டவை நமக்குத் துணைபுரிகின்றன. நற்றிணை 31இல் இப்பறவை கடற்பரப்பைக் கூர்ந்து நோக்கி இறாவைப் பற்றுகிறது, கழியைத் துழாவுகிறது, தன் பெடையை அழைத்து இரையூட்டுகிறது, அதன் கால் பசுமை நிறமாகக் கூறப்படுகிறது. வீட்டுக்காக்கையின் காலோ கரியது. நற்றிணை 231இல் சிறுவெண்காக்கைகள் பல கூடிக் கடற்பரப்பில் நீராடும் காட்சி, நீலவானில் தோன்றும் எழுமீன் எனப்படும் விண்மீன் கூட்டத்திற்கு உவமிக்கப்படுகிறது. கரிய பறவை விண்மீனுக்கு உவமை ஆதல் பொருந்தாது. நீந்தாத பறவை கடற்பரப்பில் ஆடுதலும் பொருந்தாது. எனவே வீட்டுக்காக்கை என்னும் கருத்து இங்கேயே நீங்குகிறது. உடல் கரிய நீர்க்காக்கையும் விண்மீன் உவமைக்கு இயையவில்லை. அலைமீது வெண்புள்ளிகளாய் மிதக்கும் கடற்காக்கையே இக்காட்சிக்கு மிகவும் நெருங்கி நிற்கிறது. எனினும் நம் கடற்கரைக்கு வரும் பழுப்புத்தலைக் கடற்காக்கையின் கால் சிவந்தது. பசுங்கால் என்னும் அடை அதற்கும் முழுதும் இயையவில்லை. ஒரே பெயரைப் புலவர்கள் கரையோரத்து வெண்பறவைகள் சிலவற்றிற்குப் பொதுவாக வழங்கியிருத்தல் கூடும்.

இவ்வாய்வில் நாம் பெறும் பயன், முடிந்த முடிபைக் காட்டிலும் அதனை அடையும் நெறியே. பி. எல். சாமி 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் நூலால் வகுத்துத் தந்த நெறி அது. தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய முனைவர் க. ரத்னம் தமிழ்ப் பறவைப் பெயர்களைத் தொகுத்ததும் அந்நெறியின் தொடர்ச்சியே. கொற்கை இருந்த கரையும் புன்னைக்காயற் கழிமுகமும் நமக்கு அண்மையில் இருக்க, நெய்தற் பாடல்களை வகுப்பறையில் மட்டும் கற்பது கையிலுள்ள விளக்கை ஏற்றாது இருட்டில் தேடுவதை ஒக்கும்.

கரைதலும் மறைத்தலும்

காக்கையைப் பாடியதனாலேயே பெயர் பெற்றவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். குறுந்தொகை 210இல், விருந்து வரக் கரைந்த காக்கைக்கு நள்ளியின் கானத்து ஆயர்தம் நெய்யையும் தொண்டியின் நெற்சோற்றையும் கலந்து ஏழு கலங்களில் ஏந்தினும் அது சிறிதே என்கிறாள் தோழி. பிரிவில் வாடியவளைக் காக்கையின் குரல் தேற்றியது என்பதே அதன் உட்கிடை.

வள்ளுவர் இருமுறை காக்கையை எடுத்தாள்கிறார். 'காலமறிதல்' அதிகாரத்தில் (481) பகலில் கூகையைக் காக்கை வெல்லும் என்கிறார். குளக்கரை ஆலமரத்தில் பகலில் வெளிப்பட்டுவிட்ட ஆந்தையைக் காக்கைகள் சூழ்ந்து விரட்டுவதை இன்றும் காணலாம். மீன் கவர வரும் செம்பருந்தையும் அவை அவ்வாறே துரத்தும். 'சுற்றந்தழால்' அதிகாரத்தில் (527) காக்கை தன் உணவை மறைக்காது சுற்றத்தை அழைத்து உண்ணும் என்கிறார்.

இதனைக் கரையில் அமர்ந்து ஆராய்ந்தால் ஒரு நுட்பம் புலப்படும். இரை மிகுதியாயிருக்குமிடத்தும், ஐயத்திற்குரிய பொருளாயிருக்குமிடத்தும் காக்கை கரைகிறது. சிறு மீனொன்று கிடைத்தாலோ ஓசையின்றிக் கவ்விச் செல்கிறது. சிலபோது மண்ணைக் கிளறிப் புதைத்து இலையால் மூடியும் வைக்கிறது. அங்ஙனமாயின் வள்ளுவர் கூற்றுப் பிழையோ எனின், அன்று. அவர் பறவை நூல் எழுதவில்லை. பறவையின் பல செயல்களுள் மாந்தர்க்கு வேண்டிய ஒன்றைத் தேர்ந்து காட்டினார். தேர்ந்தெடுத்தலும் கண்டறிந்த பின்னரே இயலும்.

காக்கை மண்ணைக் கிளறும் இயல்பு மறைநூலிலும் பாடமாகியுள்ளமை இங்கு நினைக்கத்தக்கது. திருக்குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் 31ஆம் வசனத்தில், உடன்பிறந்தானைக் கொன்றுவிட்டு அவன் உடலை என் செய்வது என்று அறியாது நின்ற ஆதமின் மகனுக்கு, நிலத்தைத் தோண்டும் ஒரு காக்கையை இறைவன் அனுப்பிக் காட்டிய செய்தி கூறப்படுகிறது. காக்கைக்கு இருந்த அறிவும் தனக்கு இல்லையே என அவன் வருந்துகிறான். வள்ளுவர் காக்கையிடம் சுற்றந்தழுவும் பண்பைக் கண்டார். இங்கோ அது மனிதனுக்கு முதல் அடக்கத்தைக் கற்பிக்கிறது. இரண்டிலும் எளிய பறவையே ஆசானாகிறது.

கரும்பறவையைப் படம் பிடித்தல்

காக்கையைப் படம் பிடிப்பது எளிது என எண்ணுவோர் பலர். உண்மையில் அது கடினமானது. கேமராவின் ஒளியளவி எக்காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டு கணக்கிடுவது. படச்சட்டம் முழுவதும் காக்கையே நிறைந்திருந்தால் அது ஒளியைக் கூட்டிவிடும்; கருமை வெளிறிச் சாம்பலாகும். அப்போது ஒளியளவைச் சற்றுக் குறைத்தல் வேண்டும். மாறாக, பளபளக்கும் நீர்ப்பரப்பின் முன்னே காக்கை சிறிதாய் நின்றால், கேமரா நீரின் ஒளியைக் கணக்கிட்டுப் பறவையை வெறும் நிழலுருவாக்கிவிடும். அப்போது ஒளியளவைக் கூட்டுதல் வேண்டும். குளக்கரையில் நிற்பவர் நிமிடத்திற்கு ஒருமுறை இவ்விரு நிலைகளுக்கும் இடையே மாறவேண்டியிருக்கும்.

ஞாயிறு எழுந்த முதல் ஒரு மணியும் மறைவதற்கு முந்திய ஒரு மணியும் தக்க பொழுதுகள். பக்கவாட்டில் விழும் சாய்வொளியே சிறகின் மினுமினுப்பையும் கழுத்தின் சாம்பலையும் பிரித்துக் காட்டும். நீரில் பட்டுத் திரும்பும் ஒளி பறவையின் அடிப்புறத்தையும் விளக்குவது குளக்கரைக்கே உரிய வாய்ப்பாகும். கண்ணில் ஒளிப்புள்ளி தெரியாத காக்கைப் படம் உயிரற்றதாகத் தோன்றும். பறக்கும் காக்கைக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையாதிருத்தல் நன்று. தரையோடு தாழ்ந்து அமர்ந்து எடுத்தால் பறவை தன் உலகில் நிற்பதாகத் தோன்றும்.

இத்துறையில் நெல்லைக்குப் பெருமை சேர்த்தவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய பெருங்குளம் அ. மாதவையாவின் மகனாகிய இவர் 1912இல் திருநெல்வேலியிற் பிறந்தவர். 1950 முதல் 1996இல் மறையும் வரை 'தி ஸ்டேட்ஸ்மேன்' இதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார், தமிழிலும் எழுதினார். வண்ணப்படம் பெருகிய பின்னரும் கறுப்பு வெள்ளைப் படத்தையே போற்றினார். பல உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்த கேமராவைப் பயன்படுத்தினார். யானையையும் காட்டெருமையையும் படம்பிடித்த அவர், வீட்டருகே வாழும் எளிய உயிர்களையும் அதே மதிப்போடு எழுதினார். விலையுயர்ந்த கருவியைக் காட்டிலும் பொறுமையே பெரிது என்பது அவர் வாழ்க்கை தரும் பாடம். கைப்பேசியே கேமராவாகிவிட்ட இக்காலத்தில் அப்பொறுமை மட்டுமே நமக்குக் குறைவு.

காக்கையை அணுகுவோர் ஒன்றை மறத்தலாகாது: நாம் அதனை நோக்குவதுபோல் அதுவும் நம்மை நோக்குகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் 2006இல் ஒருவகை முகமூடி அணிந்து சில காக்கைகளைப் பிடித்து விடுவித்தனர். பின்னர் ஆண்டுகள் பல கழிந்தும், அம்முகமூடி அணிந்து வருவோரைக் காக்கைகள் கண்டு கரைந்து விரட்டின. பிடிபடாத காக்கைகளும் அதில் சேர்ந்துகொண்டன. ஆகவே ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அமைதியாகச் சென்று அமர்வோர்க்கே நம் குளக்கரைக் காக்கைகளும் இயல்பாக நடந்து காட்டும்.

படம் பிடிப்போர் கடமை

கூந்தன்குளம் 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றதாக அறிவிக்கப்பட்டது. திருப்புடைமருதூர் 2005இல் பறவைகள் காப்பிடமானது. இவ்விடங்களிலும் பிற குளங்களின் கருவேல மரங்களிலும் நாரையும் கொக்கும் கூட்டமாய்க் கூடு கட்டும். காக்கை அவற்றின் முட்டையையும் குஞ்சையும் கவரக் காத்திருக்கும். தாய்ப்பறவை கூட்டில் இருக்கும்வரை அதற்கு வாய்ப்பில்லை. நல்ல படம் வேண்டிக் கூட்டை நெருங்கும் மனிதரைக் கண்டு தாய் எழுந்து பறந்த அந்தச் சில நொடிகளே அதற்குப் போதும். பழி காக்கைமேல் விழும். வாயிலைத் திறந்துவிட்டவர் படம் பிடிக்கச் சென்றவர். கூடுள்ள மரத்தை நெருங்காமையும், பறவைகளை எழுப்பிப் பறக்கவிட்டுப் படம் எடுக்காமையும், இரை வீசிக் காக்கைகளைக் கூட்டாமையும் நாம் மேற்கொள்ள வேண்டிய ஒழுக்கங்கள்.

காக்கைகள் உணர்த்தும் செய்தி

காக்கை பெருகினால் குளம் செழித்தது என்று பொருளன்று. கரையில் கோழிக்கழிவும் எச்சில் இலையும் கொட்டப்படுமிடத்தில் காக்கை மிகும். மிகுந்த காக்கை அருகிலுள்ள நீர்ப்பறவைகளின் கூடுகளுக்குக் கேடாகும். இதன் விரிந்த வடிவத்தை ஆப்பிரிக்காவின் கீழைக்கரையில் காணலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சான்சிபார்த் தீவை அடைந்த வீட்டுக்காக்கை, துறைமுக நகரங்களின் கழிவை உண்டு பெருகியது. அந்நாட்டுச் சிறு பறவைகளை அருகச் செய்தது. கென்ய அரசு பத்து இலட்சம் காக்கைகளை ஒழிக்கும் திட்டத்தை அறிவிக்க நேர்ந்தது. காக்கை தானாகப் பெருகவில்லை. மனிதர் எறிந்ததை உண்டே பெருகியது.

நம் நாட்டின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காக்கையைத் தீங்குயிர்களின் பட்டியலில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலையே நீக்கிவிட்டது. குளக்கரைச் சிக்கலுக்குத் தீர்வு காக்கையைக் கொல்வதில் இல்லை. குப்பையை நிறுத்துவதில்தான் உள்ளது.

மாணவர் செய்யத்தக்கன

தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011 முதல் தன்னார்வலரையும் மாணவரையும் இணைத்து நடைபெற்று வருகிறது. பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் 2015 முதல் பறவைகள் கணக்கெடுக்கப்படுகின்றன. இவற்றோடு இணைந்து, ஒவ்வொரு மாணவரும் தம் ஊர்க்குளம் ஒன்றைத் தேர்ந்து, மாதம் இருமுறை ஒரு மணி நேரம் அமர்ந்து, ஓராண்டுக்குக் குறிப்பெழுதலாம். குறிப்பேட்டில் இடம்பெற வேண்டுவன:

1. நாள், நேரம், குளத்தின் பெயர், நீர்மட்டம்.
2. வீட்டுக்காக்கை, அண்டங்காக்கை, நீர்க்காக்கை ஆகியவற்றின் எண்ணிக்கை.
3. உண்ட இரை, கரைந்ததா, மறைத்ததா என்பது.
4. பிற பறவைகளோடு கொண்ட பகையும் உறவும்.
5. கரையில் கொட்டப்பட்டுள்ள கழிவின் இடமும் தன்மையும்.
6. பறவைகளுக்கு அவ்வூரார் வழங்கும் பெயர்கள்.

ஒவ்வொரு குறிப்போடும் ஒரு படம் இருத்தல் நலம். அழகிய படமாக இருத்தல் வேண்டுவதில்லை. ஐயத்தைத் தீர்க்கும் படமாக இருந்தாற் போதும். இறுதியிற் கூறிய ஊர்ப்பெயர்த் தொகுப்புத் தமிழ்த்துறை மாணவர்க்கே உரிய பணி. முதியோர் நாவில் வாழும் பெயர்கள் அவர்களோடு மறைந்துவிடுமுன் அவற்றை ஏட்டில் ஏற்றுதல் கடமை.

முடிவுரை

மேற்கூறியவற்றால், சிறுவெண்காக்கையும் சிறுகருங்காக்கையும் வேறு வேறென்பதும், அவ்வேறுபாட்டை உணர உரையோடு கண்ணும் வேண்டும் என்பதும் புலனாகும். குறளின் காக்கை வெறும் உவமையன்று, கண்டுணர்ந்த உயிர் என்பதும் தெளிவாகும். குளக்கரைக் காக்கையைப் பதிவு செய்வோர் தம்மை அறியாமலே குளத்தின் நிலையையும் பதிவு செய்கின்றனர். நீர் குறைந்தது எப்போது, கூடுகள் ஒழிந்தது எப்போது, குப்பை ஏறியது எப்போது என்னும் வினாக்களுக்கு நாளை விடை தரப்போவது அந்தக் குறிப்பேடே. அருகிவிட்ட பறவையைத் தேடி அலைவதினும், அருகில் உள்ள பறவையை இன்றே நோக்கத் தொடங்குவது எளிது. நயினார்குளத்திற்கும் வேய்ந்தான்குளத்திற்கும் செல்லப் பேருந்துக் கட்டணமே போதுமானது.